சுவர் காய்ந்த பிறகே நிறம்: பழைய வீட்டைச் சுண்ணாம்பும் காவியுமாகப் புதுப்பிக்கும் முழுமையான வழிகாட்டி

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய வீடு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, அதை இடிக்காமல், பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல், ஆனால் மங்கலாகவும் விடாமல் நல்ல நிறத்தோடு திருப்பி எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. எங்கள் தாத்தா வீட்டில் தொடங்கி இதுவரை மூன்று வீடுகளில் இந்த வேலையை முழுதாகப் பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். முதல் நாளே நிற அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வேலையில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது கடைசியிலிருந்து மூன்றாவது படி. அதற்கு முந்தைய படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் எவ்வளவு நல்ல காவியும் ஒரே மழைக்காலத்தில் பொரிந்து விழும்.

முழு வேலைக்கும் புரட்டாசி முதல் பங்குனி வரை ஆகும். "இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் செய்யப்போவது வேறு வேலை.

1. சுவர் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள்

மூலையில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், ஆணியால் கீறுங்கள். வெள்ளையாகவோ லேசான சிவப்போடோ பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு. ஆணி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறத்தில் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும், பெரும்பாலும் சுவரின் கீழ் மூன்றடி மட்டும் பின்னாளில் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள், மூன்றாவது படியில் அவைதான் முக்கியம்.

அடுத்து ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளியுங்கள். உறிஞ்சிக்கொண்டால் நல்லது. முத்து முத்தாக நின்று வழிந்தால் மேலே எமல்ஷனோ எனாமலோ இருக்கிறது. சுண்ணாம்பு அதன்மேல் ஒட்டாது, ஏனென்றால் அது சுவரின் நுண்துளைக்குள் இறங்கி அங்கே கல்லாக மாறித்தான் பிடிக்கிறது. துளையை பெயிண்ட் அடைத்திருந்தால் அதற்குக் கால் வைக்க இடமில்லை.

உங்கள் வீடு முழுக்கச் சிமெண்ட் பூச்சு வீடாக இருந்தால்? பெயிண்ட் படாத, கொஞ்சம் சொரசொரப்பான சிமெண்ட் பூச்சில் வண்ணச் சுண்ணாம்பு பிடிக்கும். அப்படியானால் ஆறாவது படியை விட்டுவிட்டு மற்றதைப் பின்பற்றலாம்.

2. புரட்டாசியிலேயே சுண்ணாம்பை நீற்றி வையுங்கள்

வேலை தை மாதம்தானே, சுண்ணாம்பை அப்போது வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நீற்றிய சுண்ணாம்பு, அதாவது சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டுக் குழைவாக்கியது, தண்ணீருக்கடியில் எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்கு வெண்ணெய் போல ஆகும். அவசரமாக நீற்றியதில் நீறாத சிறு கட்டிகள் ஒளிந்திருக்கும். அவை சுவரில் ஏறிய பிறகு ஈரம் பட்டு மெதுவாக நீறி, விரிந்து, பூச்சைச் சின்னக் கொப்புளமாகத் தள்ளிவிடும். குறைந்தது ஒரு மாதம் ஊற வேண்டும், மூன்று மாதம் என்றால் இன்னும் நிம்மதி.

இன்னொரு காரணமும் உண்டு. சுட்ட சுண்ணாம்புக் கல் ஈரம் பட்டால் கடுமையாகச் சூடேறும், சாக்கோடு நனைந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஐப்பசி மழையில் அதை வண்டியில் ஏற்றி வருவது ஆபத்து. அதனால் அடைமழைக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட வேண்டும். கல் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டுமே சரி. நிறம் கலக்கும் கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் கிடைத்தால் அதையே எடுங்கள், வெண்மை கூடுதலாக இருப்பதால் நிறம் தெளிவாக வரும்.

நீற்றும் முறை: தரையில் தொட்டியோ பெரிய இரும்பு டிரம்மோ போதும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். முதலில் தண்ணீர், அப்புறம் கல். ஒரு பங்கு கல்லுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் கொதித்துத் தெறிக்கும். நீண்ட கம்பியால் கிளறிக்கொண்டே இருந்து, கொதி அடங்கி ஆறியதும் மெல்லிய கம்பி வலையில் வடிகட்டிக் கட்டிகளைத் தூக்கி எறியுங்கள். மேலே எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கட்டும். காற்றுப் பட்டால் சுண்ணாம்பு அங்கேயே இறுகத் தொடங்கிவிடும்.

கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, எரிச்சல் அடங்கினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகளும் ஆடுமாடும் போகாத இடத்தில் தொட்டி இருக்கட்டும், மேலே கனமான பலகையால் மூடியிருக்கட்டும்.

சுட்ட கல் கிடைக்காத ஊர்களில் மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்கலாம். அது எவ்வளவு பழையது என்பதுதான் கேள்வி. ஒரு சிட்டிகைத் தூளை எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கடையிலேயே காற்றை உறிஞ்சிக் கல்லாக மாறத் தொடங்கிவிட்டது, சுவரில் பிடிக்காது, வாங்காதீர்கள். பொங்காத தூளைத் தண்ணீரில் குழைத்து இரண்டு வாரமாவது ஊற விடுங்கள்.

3. மழைக்காலம் முழுக்க வீட்டைக் கவனியுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கையில் சாக்பீஸோடு சுற்றுங்கள். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எவ்வளவு உயரம், எந்த மழைக்குப் பிறகு என்று சுவரிலேயே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோடையில் வந்து பார்த்து மதிப்பீடு போடுகிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

ஓதம் மேலிருந்து இறங்கினால் கூரை. மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் பெரும்பாலும் தட்டோட்டின் இணைப்புகள்தான் திறந்திருக்கும். அவற்றைச் சுரண்டிச் சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். மேலே மொத்தமாகச் சிமெண்ட் தளம் போட்டால் மரக்கட்டைகளுக்குப் பாரம் கூடும், வெயிலில் அதுவும் வெடிக்கும், வெடித்த பிறகு தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கீழிருந்து ஏறினால் முதலில் வெளியே போய்த் தெருவைப் பாருங்கள். நம் ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் நான்கு படி ஏறிப் போன திண்ணைகள் இன்று தெரு மட்டத்தில் நிற்கின்றன. மழைத் தண்ணீர் சுவரடியிலேயே தேங்குகிறது. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, அடித்தளத்துக்குக் கீழே போகாமல், தண்ணீர் ஓடும் சரிவோடு ஜல்லி நிரப்புங்கள். சுவரை ஒட்டிய சிமெண்ட் நடைபாதை இருந்தால் பெயர்த்துவிடுங்கள். மண் மூச்சு விட வழியில்லாதபோது ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது.

இப்போது அந்தக் கீழ் மூன்றடிச் சிமெண்ட். ஓதம் தெரிந்ததும் அதை மறைக்கச் சிமெண்ட் பூசுவது பழக்கம். உள்ளே இருக்கும் ஈரம் சிமெண்ட் வழியாக எளிதில் வெளியேற முடியாமல் அதைத் தாண்டி மேலே ஏறி நான்காவது அடியில் பூக்கும். அங்கேயும் பூசினால் ஐந்தாவது அடி. எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் இப்படி ஆளுயரம் வரை ஏறியிருந்தது. மார்கழியில் மழை விட்டதும் அந்தச் சிமெண்ட் முழுவதையும் மெதுவாக உளியால் எடுத்துவிட்டு, செங்கல்லைத் திறந்தே காய விட்டோம். உப்பு வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும், அதைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். கூட்டக் கூட்டப் பூப்பது குறைந்துகொண்டே வரும், அதுதான் சுவர் உலர்வதற்கான அடையாளம்.

4. பழைய பெயிண்டை எடுப்பது

இது அழுக்கு வேலை மட்டுமில்லை, ஆபத்தான வேலையும். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், முக்கியமாகக் கதவு ஜன்னலில் இருக்கும் மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். இரண்டுமே ஈயத்தை மூச்சில் ஏற்றும். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை எல்லாம் சுருட்டித் தனியாகக் கட்டி வையுங்கள், தோட்டத்து மண்ணில் கொட்டவே கூடாது. அந்த நாள்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். முகக்கவசம் என்றால் துணியில்லை, நுண்துகளைத் தடுக்கும் வகை. வேலைக்கு வரும் சித்தாளுக்கும் அதையே வாங்கிக் கொடுங்கள்.

5. மேஸ்திரியோடு பேச்சை முன்பே முடித்துவிடுங்கள்

"ரெண்டு கரண்டி சிமெண்ட் சேர்த்தாத்தான் தம்பி பிடிக்கும்" என்று நிச்சயம் சொல்வார். அவர் மேல் தவறில்லை, அவர் கற்றது சிமெண்ட் வேலை. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே மூன்று விஷயத்தைப் பேசுங்கள். சாந்தில் சிமெண்ட் சேராது. ஒரு நாளில் ஒரு பூச்சுதான். நாள் கூலிதான், சதுர அடிக் கணக்கு இல்லை. சதுர அடிக்குப் பேசினால் காய விடும் நாளெல்லாம் அவருக்கு நஷ்டம், அவசரப்படத்தான் செய்வார். நாள் கூலி என்றால் இரண்டு நாள் வந்து, ஐந்து நாள் வேறு வேலைக்குப் போய், திரும்ப வருவது அவருக்கும் வசதி.

ஏன் சிமெண்ட் கூடாது என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். பழைய செங்கல் மிருது, சிமெண்ட் கடினம். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் அசையும்போது கடினமான தோல் மிருதுவான உடம்பைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. பெயர்ந்து விழும் சிமெண்ட் பத்தையைத் திருப்பிக் காட்டுங்கள், பின்னால் செங்கல் தோல் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த பிறகு எங்கள் மேஸ்திரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

6. தை மாதம்: பூச்சுப் பழுது

ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மேல் பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு, மணலைச் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். எம் சாண்ட் என்றால் பூச்சுக்கென்று கழுவி விற்கும் வகையைக் கேளுங்கள், மாவு போன்ற தூசி அதிகமிருந்தால் வெடிப்பு நிச்சயம். கடற்கரை மணல் எந்த விலைக்கும் வேண்டாம், கஷ்டப்பட்டுக் கூட்டித் தள்ளிய உப்பைத் திரும்பக் கொண்டுவந்து பூசுவதாக ஆகும்.

கலக்கும் தண்ணீரில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். கடுக்காயை இடித்து, கருப்பட்டியோ மட்டமான வெல்லமோ சேர்த்து நான்கைந்து நாள் ஊற வைத்து வடிகட்டிய தண்ணீர். சாந்து குழைவாக வரும், பூச நேரம் கிடைக்கும். ஆனால் அளவு கூடினால் பூச்சில் பழுப்புக் கறை படியும், எறும்பும் வரும். முதலில் ஒரு சதுர அடியில் பூசி ஒரு வாரம் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போலத் தேய்க்கும் செட்டிநாட்டுப் பூச்சை முதல் வீட்டிலேயே முயல வேண்டாம், அதற்குக் கை பழகிய ஆள் வேண்டும்.

பூசும் முன் சுவரை நன்றாக நனையுங்கள், முந்தைய நாள் மாலை ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் சுண்ணாம்பு இறுகுவதற்கு ஈரமே இருக்காது, கையால் தொட்டாலே பொடியாகும். ஒரு பூச்சு பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள், இடையில் முந்தையது கெட்டிப்படட்டும்.

பூசிய அன்று மாலையோ மறுநாளோ, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் நகக்கீறல் மட்டும் விழும் பதம் வரும். அப்போது மணியாஸ்கட்டையால், அதாவது பூச்சைச் சமன் செய்யும் மரக்கட்டையால், திரும்ப அழுத்தித் தேய்க்க வேண்டும். முடிக்கோடு போல ஓடும் வெடிப்புகள் அந்த ஒரு தடவையில் மூடிக்கொள்ளும். இந்தப் பதத்தைத் தவறவிட்டால் அப்புறம் எதுவும் செய்ய முடியாது, அதனால் அந்த நேரத்தில் மேஸ்திரி ஊரில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு பூசுங்கள்.

ஒரு வாரம் நேர் வெயில் படாமல் நனைந்த சாக்கு கட்டி, காலை மாலை லேசாகத் தெளியுங்கள். அப்புறம் மூன்று நான்கு வாரம் சும்மா விடுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு நேரமும் காற்றோட்டமும் வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் அந்த வாரங்களில் உங்கள் வேலை.

7. மாசி: கதவும் தரையும்

சுவர் காயும் நாள்கள் இதற்கு. பழைய தேக்குக் கதவு ஜன்னல் வாங்குவதாக இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் போன்ற இடங்களுக்கு அளவோடு போங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், பூச்சு வேலைக்கு முன்பே கதவை வாங்கி நிலையைப் பொருத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகப் பூசியதை உடைத்து நிலை வைக்க நேரும். இரண்டாவது வீட்டில் அப்படித்தான் ஆனது. வாங்கும்போது நிலையின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள், உள்ளீடற்ற சத்தம் வந்தால் கரையான் போயிருக்கிறது.

மரத்துக்கு வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய். மெல்லிய பூச்சாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள், துடைக்காவிட்டால் பிசுபிசுத்தே கிடக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகித் துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவிட்டு வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

தரைக்கு நான் ஆத்தங்குடிக் கல்லையே எடுப்பேன். அதில் சிமெண்ட் உண்டு. ஆனால் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊற வைத்துத்தான் கெட்டியாக்குகிறார்கள். போட்டுவிட்டால் ஆண்டுகள் போகப் போக மெருகு ஏறும். பதிக்கும்போது முகத்தில் வழியும் சிமெண்ட் பாலை அந்த நிமிடமே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு கறையை எடுக்க ஆசிட் ஊற்றுவார்கள், ஊற்றினால் நிறமே போய்விடும், ஏனென்றால் நிறம் இருப்பது அந்தச் சிமெண்ட் முகத்தில்தான். பாலிஷ் இயந்திரமும் வேண்டாம். கடைசியில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் போதும், நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும்.

தரை முடிந்ததும் சாக்கும் பழைய பாயும் விரித்து மூடிவிடுங்கள். அடுத்த படியில் சுண்ணாம்பு சொட்டும், சொட்டினால் கறை படியும்.

8. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது

சுண்ணாம்பு கடும் காரம். அதில் உயிரோடு நிற்கும் நிறங்கள் மண்ணிலிருந்தும் தாதுவிலிருந்தும் வருபவை மட்டும்தான். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் சுவரிலும் நடக்கும், மஞ்சள் தூளைக் கலந்து மஞ்சள் சுவர் எடுக்க முடியாது, அந்தச் சிவப்பும் நிலைக்காது. பீட்ரூட், செம்பருத்தி, ஆவாரம்பூச் சாறு எல்லாம் சொல்வார்கள். ஒன்றும் நிற்காது, இயற்கை என்பதற்காக எல்லாமும் சுண்ணாம்போடு சேர்ந்துவிடாது.

நிற்பவை இவை: செங்காவி, மஞ்சள் காவி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடு சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பழுப்பு. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலத்துக்கு அல்ட்ராமரின் தூள், அதுவும் உள்ளறைக்கு மட்டும், மழை அடிக்கும் வெளிச்சுவரில் வெளுத்துவிடும். துணிக்குப் போடும் திரவச் சொட்டு நீலம் சாயம், அது வேண்டாம். ஈயம் கலந்த குரோம் மஞ்சளையும் தொடாதீர்கள். பாக்கெட்டில் என்ன தாது என்று எழுதியில்லாத தூளை வாங்காமல் இருப்பதே நல்லது. மயில்துத்தம் போட்டால் அழகான பச்சைநீலம் வரும் என்று யாராவது சொல்வார்கள், வரும்தான், ஆனால் அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் சுவருக்கு அது எதற்கு?

தூளின் எடை சுண்ணாம்புக் குழைவின் எடையில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கட்டும், பத்தைத் தாண்டவே கூடாது. அதற்குமேல் போனால் ஒவ்வொரு நிறத்துகளையும் பிடித்துக்கொள்ளச் சுண்ணாம்பு போதாமல், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். ஆகவே கோயில் மதில் பட்டை போன்ற அடர் செங்காவியை முழுச் சுவருக்கும் எதிர்பார்க்காதீர்கள். அடர் நிறம் வேண்டுமென்றால் அடியில் ஒரு முழம் பட்டையாக வையுங்கள், கை படும் இடம் அதற்குமேல்தான் இருக்கும், தரையைத் துடைக்கும்போது படும் அழுக்கையும் அது மறைக்கும்.

சோதனை இல்லாமல் எந்த நிறத்தையும் முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பாதிக்குமேல் வெளுத்துவிடும். எந்தச் சுவரோ அதே சுவரில், இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அளவில் அடித்து, மூன்று நாள் விட்டு, காலை வெளிச்சத்திலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் சிவப்பு மாலையில் எரிவது போல இருக்கும், அங்கே பச்சையோ வெளிர் மஞ்சளோ கண்ணுக்கு இதம். வெளிச்சம் குறைந்த தாழ்வாரத்துக்கு மஞ்சள் காவி, முற்றத்தைச் சுற்றி எவ்வளவு அடர்த்தியும் தாங்கும்.

பயன்படுத்திய அளவைக் கிராமில் ஒரு நோட்டில் எழுதுங்கள். "ரெண்டு கைப்பிடி" என்று எழுதி வைத்தால் இரண்டாவது வாளி வேறு நிறமாக வரும்.

9. பங்குனி: வண்ணச் சுண்ணாம்பு அடிப்பது

நிறத்தூளை முதலில் வெந்நீரில் தனியாகக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அதற்கப்புறம்தான் சுண்ணாம்பில் சேர்க்க வேண்டும். நேராகக் கொட்டினால் சின்னக் கட்டிகள் வெள்ளையடிக்கும் மட்டையில் நசுங்கிச் சுவரில் கீற்றுக் கீற்றாக இழுபடும். சேர்த்தபின் ஒரு ராத்திரி ஊறட்டும். ஒரு சுவருக்கு எத்தனை பூச்சு வேண்டுமோ அத்தனைக்கும் சேர்த்து ஒரே டிரம்மில் கலந்துவிடுங்கள்.

பதம் பால் போல. ஒரு பங்கு குழைவுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று தொடங்குங்கள். முதல் பூச்சு அடித்ததும் "ஒன்றுமே தெரியவில்லையே" என்று தோன்றும், அப்படித்தான் இருக்க வேண்டும், காயக் காயத்தான் பூச்சு சுவரை மூடுவது தெரியும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து கெட்டியாகக் கலந்து அடிப்பதுதான் இந்தப் படியில் நான் அதிகம் பார்த்த தவறு. கெட்டிப் பூச்சு வெடித்துச் செதிலாகக் கழன்றுவிடும். மெல்லிய பூச்சு நான்கு, தேவைப்பட்டால் ஐந்து.

பொடி ஒட்டாமலிருக்க வெண்ணெய் எடுத்த பாலைப் பத்துக்கு ஒரு பங்கு சேர்க்கலாம், பாலின் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து நல்ல பசையாகிறது. கலந்த அன்றே அடித்துவிட வேண்டும் என்பதால் அன்றைக்குத் தேவையான அளவில் மட்டும் சேர்த்துக் கடைசி இரண்டு பூச்சுக்குப் பயன்படுத்துங்கள். ஓதம் முழுதாக விடாத சுவரில் பாலும் வேண்டாம், வஜ்ரம் என்ற விலங்குப் பசையும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் முன் சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள், ஆனால் ஒழுகக் கூடாது. காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் படும் சுவரில் அடிக்கவே வேண்டாம். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலை வரை போய்த்தான் நிறுத்த வேண்டும், நடுவில் சாப்பிடப் போனால் அந்தக் கோடு எத்தனை பூச்சு அடித்தாலும் தெரியும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மேல், ஒருவர் கீழ். வாளியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடி வரை கலக்குங்கள், காவி கனமானது, அடியில் தங்கிவிடும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு முழு நாள்.

வெள்ளையடிக்கும் பெரிய மட்டையே நல்லது. ரோலர் சுண்ணாம்பைத் துளைக்குள் தள்ளாது, மேலே தடவிவிட்டுப் போகும்.

10. கடைசியாக, துணியும் பாயும் பராமரிப்பும்

சுவரில் நிறம் இருக்கும்போது மற்றதில் அடக்கம் வேண்டும் என்று சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மஞ்சள் காவிச் சுவருக்கு முன்னால் பவானி ஜமுக்காளத்தின் கோடுகள் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். பச்சை அறையில் பத்தமடைக் கோரைப் பாய், ஜன்னலுக்குப் பழைய பருத்திப் புடவை. புதிதாக அடித்த சுவரில் ஒரு மாதம் எதையும் சாய்க்காதீர்கள், அலமாரியைக் கையளவு தள்ளியே வையுங்கள், பின்னால் காற்றுப் போக வேண்டும்.

கறை பட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் அதே கலவையால் அந்த இடத்தைத் தொட்டுவிடுங்கள். இதற்காக மிச்சமான வண்ணச் சுண்ணாம்பில் ஒரு பெரிய புட்டியாவது, பால் சேர்க்காததாக, மேலே தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். நிறத்தின் கிராம் கணக்கு, எந்தக் கடைத் தூள், எந்தத் தேதி என்பதையெல்லாம் நோட்டில் மட்டுமில்லாமல் அலமாரிக்குப் பின்னால் சுவரிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். நோட்டு தொலைந்துவிடும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மார்கழியிலும் அந்த அலமாரியை நகர்த்தி, எழுதியதைப் பார்த்துத்தான் ஒரு வாளி கலக்கி, போகிக்குள் திண்ணைச் சுவரை ஒரு பூச்சு புதுப்பித்துக்கொள்கிறோம்.